மைக்கை வாத்தியமாக்கியவர்கள்: ஜாஸ் பாடகர்கள் இன்றைய பாட்டுக்கு என்ன கொடுத்தார்கள்?

#1 வானொலிப்பித்தன்

வேறொரு இழையில் ஒருவர் "சினாட்ரா, பில்லி ஹாலிடே எல்லாம் தாத்தா காலத்துச் சரக்கு, இன்றைய பாட்டுக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டிருந்தார். அங்கே பதில் எழுதினால் பேச்சு திசைமாறும் என்பதால் தனி இழை.

என் கட்சி இது. இன்று ஹெட்போனில் நாம் கேட்கும் பாடகர் ஜாஸ் பக்கமே போகாதவராக இருக்கலாம். ஆனாலும் அவர் பாடும் முறை 1925க்கும் 1960க்கும் இடையில் அமெரிக்காவில் சிலர் கண்டுபிடித்த முறைதான்.

1925க்கு முன்னால் ஒலிப்பதிவுக்கூடங்களில் மைக் வைத்துப் பதிவு செய்யும் வழக்கம் இல்லை. பெரிய கூம்பு ஒன்று இருக்கும். அதற்குள் முகம் காட்டி ஓங்கிப் பாட வேண்டும். அந்த ஒலியின் அழுத்தமே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கிழிக்கும். மெல்லப் பாடினால் கோடு சரியாக விழாது. அதனால் அரங்கின் கடைசி வரிசைவரை குரலை எறியத் தெரிந்த ஆல் ஜோல்சன் மாதிரி ஆட்கள்தான் நட்சத்திரங்கள். 1925இல் விக்டர், கொலம்பியா இரண்டும் மின் ஒலிப்பதிவுக்கு மாறின. அதோடு உரக்கப் பாட வேண்டிய கட்டாயம் போய்விட்டது. ஆனால் உரக்கப் பாடாவிட்டால் எப்படிப் பாடுவது என்று யாருக்கும் தெரியாது!

அதற்கு விடை சொன்னவர்களில் மூன்று பேரை முன்னால் வைக்கிறேன். லூயி ஆம்ஸ்ட்ராங் (1901–1971) ட்ரம்பெட் ஊதுகிற மாதிரியே பாடினார். மெட்டு அவருக்கு ஒரு வரைபடம், அவ்வளவுதான். அவரைத் தேடிப்போய்க் கேட்டவர் பிங் கிராஸ்பி (1903–1977). அந்தத் தாள நெகிழ்வை மைக்கிற்கு ஏற்ற அடங்கிய குரலில் கொண்டுவந்து வீட்டு வானொலிக்குள் வைத்தார். மூன்றாவது பில்லி ஹாலிடே (1915–1959). ஒருவரைத்தான் சொல்ல வேண்டும் என்றால் நான் ஹாலிடேயைச் சொல்வேன். காரணத்தை அப்புறம் எழுதுகிறேன். உங்கள் தேர்வு யார்?

#2 பூச்சாண்டி77

கொஞ்சம் அதிகமாகச் சொல்கிறீர்கள். ராக், சோல், ஆர்&பி எல்லாம் தேவாலயத்திலிருந்தும் ப்ளூஸிலிருந்தும் வந்தவை. கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு ஹோட்டலில் பாடியவர்களிடமிருந்து வரவில்லை. இன்றைக்கு டிவி பாட்டுப் போட்டிகளில் எல்லோரும் ஒரே அசைக்கு இருபது சுரம் போட்டு உருட்டுகிறார்களே, அது சினாட்ராவா? அது காஸ்பல், தேவாலயப் பாட்டு.

#3 சவுண்டுக்காரன்

நான் ஒலிப்பதிவு வேலையில் இருப்பவன். அந்தப் பக்கத்திலிருந்து மட்டும் சொல்கிறேன்.

மைக் கிட்டே வாயைக் கொண்டுபோனால் அடிநாதம் தடிக்கும். பழைய ரிப்பன் மைக்குகளில் இது இன்னும் அதிகம். மென்மையாகப் பாடும் ஆண் குரல் மைக்கில் "பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற" மாதிரி கேட்பதற்கு இதுதான் காரணம். கிராஸ்பி இதைப் புரிந்துகொண்டு பாடினார். சினாட்ரா இன்னொரு படி மேலே போனார். மைக் தனக்கு ஒரு வாத்தியம் என்று சொல்லிக்கொண்டவர் அவர். "ப", "ச" மாதிரி எழுத்துகள் வரும்போது முகத்தைச் சற்றே திருப்புவது, உச்சத்துக்குப் போகும்போது தள்ளி நிற்பது, கடைசிச் சொல்லை மூச்சில் விடும்போது நெருங்கி வருவது, எல்லாம் கணக்கோடு செய்வார். இன்று என்னிடம் பாட வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான். ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் கம்ப்ரஸர் இருக்கிறது, பிறகு சரி செய்துகொள்ளலாம் என்று நினைப்பவர்கள் ஒரே இடத்தில் மரம் மாதிரி நின்று பாடுவார்கள். பதிவும் அப்படியே கேட்கும்.

மூச்சு விஷயமும் உண்டு. சினாட்ரா 1940 முதல் 1942 வரை டாமி டார்ஸியின் பேண்டில் பாடினார். டார்ஸி டிராம்போன் வாசிப்பவர். நீண்ட வரியை அறுபடாமல் இழுப்பார், எங்கே மூச்செடுக்கிறார் என்றே தெரியாது. பின்னால் உட்கார்ந்து அதைக் கவனித்தே தான் கற்றுக்கொண்டதாகவும், நுரையீரலைப் பழக்க நீருக்கடியில் நீந்தியதாகவும் சினாட்ரா சொல்லியிருக்கிறார். வழக்கமான பாடகர் வரி முடிவில் மூச்செடுப்பார். இவர் வரி முடிவைத் தாண்டி அடுத்த வரியின் நடுவில், பொருள் முறியும் இடத்தில் எடுப்பார். அதனால் கேட்பவருக்குப் பாட்டு வரிவரியாகத் தெரியாது, வாக்கியமாகத் தெரியும்.

கிராஸ்பி பற்றி இன்னொன்று. அவர் தாக்கம் குரலோடு நிற்கவில்லை. வாராவாரம் வானொலியில் நேரலையாகப் பாடுவது அவருக்குச் சலித்துவிட்டது. முன்கூட்டியே பதிவு செய்து ஒலிபரப்ப என்.பி.சி. இடம் கொடுக்காததால் ஏ.பி.சி.க்குப் போனார். ஜெர்மனியிலிருந்து போர் முடிந்ததும் வந்த காந்த நாடா எந்திரத்தைப் பொறியாளர் ஜாக் முல்லின் காட்டியபோது உடனே பிடித்துக்கொண்டார். 1947இல் அவருடைய நிகழ்ச்சி நாடாவில் பதிவாகி ஒலிபரப்பானது. ஆம்பெக்ஸ் என்ற சின்ன நிறுவனத்துக்கு 50,000 டாலர் கொடுத்தார். ஒரு எந்திரத்தைக் கிட்டார்க்காரர் லெஸ் பாலுக்குக் கொடுத்தார். லெஸ் பால் அதில் நாடாவைத் தொடும் காந்த முனை (ஹெட்) ஒன்றைக் கூடுதலாகப் பொருத்தி, பதிந்ததன்மேலேயே பதியும் வித்தையைச் செய்தார். பல தடங்களில் பதிவு செய்வது வளர்ந்ததில் அந்த எந்திரத்துக்குப் பெரிய பங்கு. ஒரு பாடகர் கோல்ஃப் விளையாட நேரம் வேண்டும் என்று ஆசைப்பட்டதால் என் பிழைப்பு ஓடுகிறது என்று விளையாட்டாகச் சொல்வேன்.

#4 மந்தாரை

நான் கர்நாடக சங்கீதம் படித்தவள், ஜாஸ் கேட்கத் தொடங்கியது பிற்பாடுதான். வானொலிப்பித்தன் சார் ஹாலிடேயைச் சொன்னதால் எழுதுகிறேன்.

அவருக்கு ஸ்தாயி மிகக் குறைவு. ஒரு ஸ்தாயிக்கு மேல் கொஞ்சம், அவ்வளவுதான். குரலில் கனமும் இல்லை. வேகமாகச் சுரங்களை உருட்டும் பிருகா கிடையாது. நம் அளவுகோலில் வைத்துப் பார்த்தால் "குரல்வளம் போதாது" என்று வாத்தியார் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். ஆனால் 1935 முதல் டெட்டி வில்சனின் பியானோவோடு அவர் பாடிய தட்டுகளைத் தாளம் போட்டுக்கொண்டு கேளுங்கள். தாளம் ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்கும், அவர் வேண்டுமென்றே பின்தங்கி வருவார். வரியின் தொடக்கம் அடிக்குப் பிறகு விழும். நடுவில் இன்னும் தளர்வார். கடைசியில் இரண்டு சொல்லை நெருக்கிச் சேர்ந்துகொள்வார். நாம் எடுப்பை அனாகதத்தில் வைத்தால், அதாவது பாட்டைத் தாள அடிக்குச் சற்றுப் பின்னால் தொடங்கினால், அது கடைசிவரை அதே இடத்தில் கணக்காக வரும். அவருக்கு ஒவ்வொரு வரிக்கும் ஒவ்வொரு இடம். கணக்கு இல்லை என்று நினைத்து ஒரு நாள் கூடவே பாடிப் பார்த்தேன், இரண்டாவது வரியிலேயே தடுமாறிவிட்டேன். உள்ளே தாளம் கல் மாதிரி இல்லாமல் இப்படித் தளர முடியாது.

இன்னொன்று, அவர் மெட்டைச் சுருக்குவார். ஏறி இறங்கும் மெட்டை எடுத்து மூன்று நான்கு சுரத்துக்குள் தட்டையாக்கிவிடுவார். சுரம் குறையக் குறைய சொல் முன்னால் வரும். சங்கதி கூட்டித்தான் அழகு சேர்க்க வேண்டும் என்று வளர்ந்த எனக்கு இது பெரிய அதிர்ச்சி.

அந்தத் தட்டுகளுக்கு அவரிடம் வந்த பாட்டுகளில் பாதி குப்பை. நல்ல பாட்டுகளைப் பெயர்பெற்ற வெள்ளைக்காரப் பாடகர்களுக்குக் கொடுத்துவிட்டு, மிஞ்சியதை ஜூக்பாக்ஸ் சந்தைக்காக இவரிடம் தள்ளினார்கள். அவற்றில் சில இன்றும் உயிரோடு இருக்கின்றன என்றால் அது இவரால்தான்.

#5 திண்டுக்கல் ராப்பர்

மந்தாரை அக்கா, நீங்கள் சொல்வது ராப்பில் நாங்கள் தினமும் செய்வது. பீட்டுக்குப் பின்னால் சாய்ந்து வருவது, பாரின், அதாவது ஒரு தாளச் சுற்றின், கடைசியில் நெருக்குவது. ஃப்ளோ என்பதே அதுதான்.

சாம்பிள் கணக்கும் இருக்கிறது. 2013இல் கான்யே வெஸ்ட் வெளியிட்ட ஆல்பத்தில் 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' பாட்டின் துண்டு வருகிறது. பாடகி நீனா சிமோன் 1965இல் பாடிய பதிப்பு அது. நான் அதைக் கேட்டுத்தான் சிமோனுக்குப் போனேன், சிமோனிடமிருந்து ஹாலிடேக்குப் போனேன். கான்யே அந்தப் பாட்டை எதற்குப் பயன்படுத்தினார் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. தூக்கில் தொங்கும் உடல்களைப் பற்றிய பாட்டை எடுத்து, முறிந்த உறவுக்கும் ஜீவனாம்சத்துக்கும் பின்னணியாக வைப்பதா?

#6 வானொலிப்பித்தன்

தம்பி தொட்டுவிட்டதால் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். எழுதியவர் ஏபெல் மீரபோல் என்ற பள்ளி ஆசிரியர், நியூயார்க் பிராங்க்ஸ்காரர். தென் மாநிலங்களில் கறுப்பினத்தவரை அடித்துக் கொன்று மரத்தில் தொங்கவிட்ட கொடுமையைப் பற்றிய பாட்டு. 1939இல் ஹாலிடே அதை கஃபே சொசைட்டியில் பாடினார். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உட்காரலாம் என்று வைத்திருந்த, அன்றைக்கு அரிதான ஒரு கிளப். அந்தப் பாட்டு வரும்போது பரிமாறுவதை நிறுத்திவிடுவார்கள், விளக்கை அணைத்துவிட்டு அவர் முகத்தில் மட்டும் ஒளி. அதற்குப் பிறகு வேறு பாட்டு கிடையாது. அவர் ஒப்பந்தத்தில் இருந்த கொலம்பியா நிறுவனம் பதிவு செய்ய மறுத்தது. கமடோர் என்ற சின்ன நிறுவனம் 1939 ஏப்ரலில் பதிவு செய்தது. 1999இல் டைம் இதழ் அதை நூற்றாண்டின் பாட்டு என்று தேர்ந்தெடுத்தது.

இந்தத் தட்டு இல்லாமலும் எதிர்ப்புப் பாட்டுகள் இருந்தன. ஆனால் கூடிப் பாடும் கொள்கைப் பாட்டாக இல்லாமல், கேளிக்கைக்கு வந்தவர்கள் முன்னால் ஒரு நட்சத்திரப் பாடகி தனியாக நின்று அந்தச் செய்தியைச் சொன்னது பெரிய திருப்பம். 1964இல் சிமோன் மிசிசிப்பி மாநிலத்தைத் திட்டிப் பாடியதற்கு இங்கேதான் வேர் என்று நினைக்கிறேன்.

நான் ஹாலிடேயைத் தேர்ந்ததற்கு இன்னொரு காரணம், சினாட்ராவே 1958இல் எபனி இதழில் தன்மீது அதிகத் தாக்கம் செலுத்தியவர் அவர்தான் என்று சொன்னது. சவுண்டுக்காரன் மூச்சைப் பற்றி எழுதினார், அது டார்ஸியிடமிருந்து. சொல்லை எங்கே வைப்பது என்பது ஹாலிடேயிடமிருந்து.

#7 பூச்சாண்டி77

சரி, சினாட்ரா ஹாலிடேயிடம் கற்றார். ஜாஸ் பாடகர் ஜாஸ் பாடகரிடம் கற்றதில் என்ன அதிசயம்? என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ரே சார்ல்ஸ், சாம் குக், அரேதா ஃப்ராங்க்ளின், மார்வின் கே. இன்றைய பாட்டின் தாய்தந்தையர் இவர்கள். இவர்கள் எல்லாம் தேவாலயத்துப் பிள்ளைகள்.

#8 ஈப்போ மணியம்

தம்பி பூச்சாண்டி, நீங்கள் சொன்ன நாலு பேரையே எடுத்துக்கொள்வோம். என்னிடம் இவர்களுடைய ஆரம்ப காலத் தட்டுகள் இருக்கின்றன, அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

ரே சார்ல்ஸ்: ஆரம்பத்தில் ஜாஸ் பாடகர் நாட் கிங் கோலை அப்படியே பிரதி எடுத்துக்கொண்டிருந்தார். அவரே மறைக்காமல் சொன்ன விஷயம். அந்தக் காலத் தட்டுகளைப் பெயர் சொல்லாமல் போட்டால் பலர் ஏமாந்துபோவார்கள்.

சாம் குக்: 1959இல் பில்லி ஹாலிடேக்குக் காணிக்கையாக ஒரு முழு ஆல்பமே பாடினார்.

மார்வின் கே: மோட்டவுன் இசை நிறுவனத்தில் 1961இல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தில் பெரும்பாலும் பழைய ஜாஸ் பாட்டுகள். சினாட்ரா மாதிரி ஸ்டூலில் உட்கார்ந்து பாட வேண்டும் என்பது அவர் கனவு. அந்த ஆல்பம் விற்கவில்லை. 1965இல் கோல் இறந்ததும் அவருக்கு ஒரு காணிக்கை ஆல்பம் பாடினார். பிறகு எழுபதுகளில் கிசுகிசுப்பாக, தன் குரலுக்கு மேல் தன் குரலையே அடுக்கிப் பாடினாரே, அதில் கோலின் பட்டுக்குரல் கேட்கவில்லையா உங்களுக்கு?

அரேதா: 1960இல் அவரைக் கொலம்பியாவில் சேர்த்தவர் தயாரிப்பாளர் ஜான் ஹேமண்ட். ஹாலிடேயை 1933 நவம்பரில் முதன்முதலாகப் பதிவு செய்தவரும் அதே ஹேமண்ட்தான். அதே மாதத்தில்தான் ப்ளூஸ் பாடகி பெஸி ஸ்மித்தின் கடைசிப் பதிவையும் அவர் செய்தார். கொலம்பியாவில் அரேதா பாடியதில் பாதி ஜாஸ். 1964இல் ஜாஸ், ப்ளூஸ் பாடகி டைனா வாஷிங்டனுக்கு ஒரு காணிக்கை ஆல்பம் வேறு.

பெஸி ஸ்மித் பெயர் வந்ததால் ஒரு தகவல். 1937இல் கார் விபத்தில் இறந்த அவருடைய கல்லறைக்கு முப்பது வருஷத்துக்கு மேல் பெயர்க்கல் இல்லை. 1970இல் அதற்குப் பணம் கொடுத்தவர்களில் ஒருவர் ராக் பாடகி ஜானிஸ் ஜாப்ளின். ராக்கும் இந்தக் குடும்பம்தான் தம்பி.

#9 பூச்சாண்டி77

மணியம் ஐயா, தகவல்களுக்கு நன்றி. ஆனால் நீங்கள் அடுக்கியது என் பக்கத்துக்குத்தான் பலம் சேர்க்கிறது. கோலைப் பிரதி எடுத்தவரை ரே சார்ல்ஸ் யார் என்று உலகத்துக்குத் தெரியாது. 1954இல் ஒரு காஸ்பல் பாட்டின் மெட்டில் காதல் வரிகளைப் போட்டுக் கத்தினாரே, அன்றைக்குத்தான் அவர் ரே சார்ல்ஸ் ஆனார். அரேதா கொலம்பியாவில் ஆறு வருஷம் நல்ல பெண்ணாகப் பாடினார், பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 1967இல் அட்லாண்டிக் நிறுவனம் அலபாமாவில் மஸில் ஷோல்ஸ் என்ற ஊரின் ஸ்டூடியோவுக்கு அழைத்துப்போய் அவரையே பியானோ முன்னால் உட்கார வைத்தது. தேவாலயத்தில் வாசித்த மாதிரி வாசித்துப் பாடினார், வெடித்தது. ஆக, ஜாஸ் பாடகர்களிடம் கற்றுக்கொண்டது பெரிய விஷயமா, அதை உதறிவிட்டு வெளியே வந்தது பெரிய விஷயமா?

#10 மந்தாரை

உதறவில்லை என்று நினைக்கிறேன். அந்த 1967 பதிவுகளைக் கேட்டால், உச்சத்தில் கத்துவதற்கு முன்னால் அரேதா எவ்வளவு நேரம் அடக்கி வைத்திருக்கிறார் என்பது தெரியும். பல்லவியைப் பேசுகிற மாதிரி, தாளத்துக்குப் பின்னால் சாய்ந்து பாடுவார். வெடிப்பு தேவாலயத்துடையது, ஒப்புக்கொள்கிறேன். அதுவரை காத்திருக்கத் தெரிந்தது டைனா வாஷிங்டன் பள்ளி. டிவி போட்டிப் பிள்ளைகளிடம் இல்லாதது அந்த இரண்டாவது பாதிதான். எடுத்த எடுப்பிலேயே உருட்டத் தொடங்கிவிடுகிறார்கள்.

#11 சவுண்டுக்காரன்

"கோட்டு சூட்டு" என்று பூச்சாண்டி சொன்னதற்கு ஒரு வரலாற்றுக் குறிப்பு. இந்த மென்குரல் பாட்டு வந்த புதிதில் அதை மரியாதைப்பட்ட இசை என்று யாரும் நினைக்கவில்லை. 1932இல் பாஸ்டனின் கத்தோலிக்கத் தலைமைக் குருவான கார்டினல் ஓ'கானல் இந்தப் பாடகர்களை மேடையிலேயே கண்டித்தார். ஆண்மையில்லாத, இழிவான பாட்டு என்பது குற்றச்சாட்டு. 1942இல் போர்க்காலத்தில் பி.பி.சி. உருகி வழியும் பாட்டுகளுக்கும் அப்படிப் பாடுகிறவர்களுக்கும் தடை போட்டது. நாட்டின் மனவுறுதி குலைந்துவிடுமாம்.

இன்றைக்கு பில்லி ஐலிஷ் பற்றி "வாய்க்குள்ளே முணுமுணுக்கிறாள், இது பாட்டா" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கார்டினல் ஞாபகம்தான். அண்ணனோடு படுக்கையறையில் உட்கார்ந்து பதிவு செய்த ஆல்பத்தால் 2020இல் அமெரிக்க இசை விருதான கிராமியின் நான்கு முதன்மை விருதுகளும் அவருக்குக் கிடைத்தன. அவர் தாத்தா பாட்டிமார் யார் என்று தேடினால் கிராஸ்பி, ஹாலிடே பக்கம்தான் போய் நிற்கும். நடுவில் பிரேசிலையும் சேர்க்க வேண்டும். ட்ரம்பெட்காரர் செட் பேக்கர் ஐம்பதுகளில் அதிர்வே இல்லாத தட்டைக் குரலில் பாடினார். அதை ரியோ இளைஞர்கள் விரும்பிக் கேட்டார்கள். 1958இல் ஜோவாவ் ஜில்பெர்த்தோ கிட்டாரோடு இன்னும் மெல்லப் பாடி போசா நோவா என்ற பிரேசில் பாட்டு வகையைத் தொடங்கிவைத்தார்.

#12 புதுவை வாசு

நல்ல இழை. நம் பக்கம் இதன் தாக்கம் ஏதாவது உண்டா? எஸ்.ஜி. கிட்டப்பா மைக் இல்லாமல் கொட்டகை முழுக்கக் கேட்கும்படி பாடியவர். பிறகு ஏ.எம். ராஜா, பி.பி. ஸ்ரீனிவாஸ் வந்தார்கள். அதுவும் இதே கதை மாதிரி இருக்கிறதே?

#13 மந்தாரை

மைக் வந்ததால் மென்குரலுக்கு இடம் கிடைத்தது என்பது இரண்டு இடத்துக்கும் பொது. நாடக மேடைக் காலத்தில் ஏ.எம். ராஜாவால் தாக்குப்பிடித்திருக்க முடியாது. ஆனால் அதற்காக அவரை கிராஸ்பியின் சீடர் ஆக்கிவிடக் கூடாது. ஒரே கருவி இரண்டு ஊரில் ஒரே மாதிரி வேலை செய்தது, அவ்வளவே.

நேரடித் தொடர்பு வேண்டுமென்றால் பம்பாய்க்குப் போக வேண்டும். ஹோட்டல்களில் ஜாஸ் வாசித்த கோவாக்காரர்கள்தான் இந்திப் பட ஆர்கெஸ்ட்ராக்களிலும் வாசித்தார்கள். இந்தியாவின் ஆம்ஸ்ட்ராங் என்று பெயர் வாங்கிய சிக் சாக்லெட் என்ற ட்ரம்பெட்காரர் சி. ராமச்சந்திராவோடு வேலை செய்தவர். நமக்கு உஷா உதுப் இருக்கிறார். 1969இல் சென்னை மவுண்ட் ரோட்டில் நைன் ஜெம்ஸ் என்ற கிளப்பில் காஞ்சிபுரம் பட்டுப்புடவையோடு மேற்கத்தியப் பாட்டுப் பாடித் தொடங்கியவர்.

#14 திண்டுக்கல் ராப்பர்

ஆம்ஸ்ட்ராங் பேச்சு பாதியிலேயே நின்றுவிட்டது. "ஸ்கேட்" எனப்படும் அர்த்தமில்லா அசைகளால் பாடுவது, 1926இல் 'ஹீபி ஜீபீஸ்' பதிவின்போது வரிகள் எழுதிய தாள் கீழே விழுந்ததால் அவர் அங்கேயே உருவாக்கியது என்று படித்தேன். உண்மையா?

#15 ஈப்போ மணியம்

தாள் விழுந்த கதை காலங்காலமாகச் சொல்லப்படுவது, நம்புவது உங்கள் இஷ்டம். ஆனால் ஸ்கேட்டை அன்றைக்குத்தான் கண்டுபிடித்தார் என்பது சரியல்ல. கிளிஃப் எட்வர்ட்ஸ் மாதிரி ஆட்கள் அதற்கு முன்பே தட்டில் பாடியிருக்கிறார்கள். ஆம்ஸ்ட்ராங் செய்தது, வேடிக்கையாக இருந்த ஒன்றை ட்ரம்பெட் தனி ஆவர்த்தனத்துக்குச் சமமாக்கியது. அந்தத் தட்டு சிகாகோவில் பதிவாகி வந்தவுடன் எல்லோரும் பின்பற்றத் தொடங்கிவிட்டார்கள்.

அதை உச்சிக்குக் கொண்டுபோனவர் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட். 1934இல் அப்போல்லோ தியேட்டரில் புதுமுகப் போட்டிக்கு நடனமாட வந்த பெண். முன்னால் ஆடியவர்களைப் பார்த்துப் பயந்து, கடைசி நிமிடத்தில் பாடிவிட்டார். பாடியது கானி பாஸ்வெல்லின் பாணியில். இந்த கானி பாஸ்வெல்லை யாரும் இப்போது பேசுவதில்லை. நியூ ஆர்லியன்ஸில் வளர்ந்த வெள்ளைக்காரப் பெண், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே பாடினார். தன் சகோதரிகளோடு முப்பதுகளில் செய்த மூன்று குரல் அமைப்புகள் இன்றைக்குக் கேட்டாலும் புதிதாக இருக்கும். ஃபிட்ஸ்ஜெரால்ட் தன் குரு என்று சொன்னது அவரைத்தான்.

1960இல் பெர்லின் கச்சேரியில் 'மேக் தி நைஃப்' பாடும்போது ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு நடுவில் வரிகள் மறந்துவிட்டன. நிறுத்தவில்லை. மறந்துவிட்டதையே பாட்டாகப் பாடி, ஆம்ஸ்ட்ராங் குரலில் மிமிக்ரி வேறு செய்து முடித்தார். அதற்கு கிராமி கிடைத்தது.

#16 திண்டுக்கல் ராப்பர்

இது ராப்பில் அங்கேயே வரி கட்டிப் பாடும் ஃப்ரீஸ்டைல்தான் ஐயா, வேறென்ன!

வோக்கலீஸ் பற்றியும் சொல்லுங்கள். சாக்ஸபோன் தனி வாசிப்புக்கு ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு சொல் வைத்துப் பாடுவது. எடி ஜெஃபர்ஸன் எழுதி, கிங் பிளஷர் 1952இல் பதிவு செய்த பாட்டை ஏமி வைன்ஹவுஸ் தன் முதல் ஆல்பத்தில் பாடியிருக்கிறார். நான் முதலில் கேட்டபோது இது ராப்தான் என்று நினைத்தேன்.

#17 பூச்சாண்டி77

வைன்ஹவுஸ் வந்துவிட்டாரா, அப்படியென்றால் என் கடைசிப் புகார். 2002இல் நோரா ஜோன்ஸ், பிறகு வைன்ஹவுஸ், 2014இல் டோனி பென்னட்டும் லேடி காகாவும் சேர்ந்து போட்ட ஆல்பம், 2023இல் சிறந்த புதுமுகம் என்று கிராமி வாங்கிய சமாரா ஜாய், இப்போது லாவே. பத்து வருஷத்துக்கு ஒரு தடவை "ஜாஸ் திரும்பி வந்துவிட்டது" என்று பத்திரிகைகள் எழுதும். இது தாக்கமா, பழைய போட்டோவுக்கு ஃப்ரேம் மாட்டுவதா?

#18 வானொலிப்பித்தன்

எல்லோரையும் ஒரே கூடையில் போடாதீர்கள். லாவேயின் பாட்டு எனக்கு இனிமையாக இருக்கிறது, ஆனால் அது பெரும்பாலும் உடை என்று நீங்கள் சொன்னால் சண்டைக்கு வரமாட்டேன். நோரா ஜோன்ஸ் சாப்பாட்டு மேஜை இசை. (ரசிகர்கள் அடிக்க வராதீர்கள், என் வீட்டிலும் அது ஓடுகிறது.)

வைன்ஹவுஸ் வேறு. முதல் ஆல்பத்தின் பெயரிலேயே சினாட்ராவை வைத்தவர். அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த 2006 ஆல்பத்தில் ஜாஸ் வாத்தியக்குழுவே கிடையாது, அறுபதுகளின் சோல் தாளம், ஹிப்ஹாப் டிரம். ஆனால் சொல்லை இழுத்து, கடைசி எழுத்தை விழுங்கி, அடிக்குப் பின்னால் போடுவது முழுக்க டைனா வாஷிங்டன், சாரா வான் வழி. ஜாஸ் உடை இல்லாத இடத்தில்தான் ஜாஸ் பாடகரின் தாக்கம் தெளிவாகத் தெரிகிறது. 2011 மார்ச்சில் லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவில் டோனி பென்னட்டோடு பாடிய காணொளியைப் பாருங்கள். பதற்றத்தில் தன்னையே திட்டிக்கொண்டு இருக்கிறார். பென்னட், அவரை அமைதிப்படுத்த, டைனா வாஷிங்டன் பேச்சை எடுக்கிறார். உடனே முகம் மாறுகிறது. அந்த ஜூலையில் வைன்ஹவுஸ் இறந்துவிட்டார்.

#19 ஈப்போ மணியம்

நாட் கிங் கோல் பற்றி ஒரு வார்த்தை, இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. பட்டுக்குரல் என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். முதலில் அவர் பெரிய பியானோக்காரர். 1956 ஏப்ரலில் சொந்த மாநிலமான அலபாமாவில், பர்மிங்ஹாம் மேடையில் பாடிக்கொண்டிருக்கும்போது வெள்ளை இனவெறியர்கள் ஏறித் தாக்கினார்கள். அதே வருஷம் நவம்பரில் என்.பி.சி.யில் அவர் பெயரிலேயே நிகழ்ச்சி தொடங்கியது. எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் வந்து பாடினார். தேசிய அளவில் விளம்பரம் கொடுக்க ஒரு நிறுவனமும் முன்வராததால் 1957 டிசம்பரில் அவரே முடித்துக்கொண்டார். அந்த மென்மையான குரலுக்குப் பின்னால் எவ்வளவு பல்லைக் கடித்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

#20 புதுவை வாசு

சரி, ஒன்றும் தெரியாத என்னைப் போன்றவன் எங்கே தொடங்குவது? நீண்ட பட்டியல் வேண்டாம்.

#21 மந்தாரை

ஹாலிடே 1937, 38இல் லெஸ்டர் யங்கின் சாக்ஸபோனோடு பாடியவை. இரண்டு பேரும் மாறி மாறிப் பேசுவது மாதிரி இருக்கும். அதைக் கேட்ட கையோடு 1958இல் வந்த 'லேடி இன் சாட்டின்' ஆல்பம்.

#22 பூச்சாண்டி77

அந்த ஆல்பத்தை ஆரம்பக்காரருக்குக் கொடுக்காதீர்கள். குரல் உடைந்து, குடியிலும் போதையிலும் நைந்துபோய், பின்னால் சர்க்கரைப் பாகு மாதிரி வயலின்கள். துன்பத்தை ரசிக்கும் பழக்கம் நமக்கு அதிகம்.

#23 சவுண்டுக்காரன்

இசையமைத்த ரே எல்லிஸே முதலில் உங்களைப் போலத்தான் நினைத்தார், பதிவின்போது அவருக்குத் திருப்தியில்லை. பிறகு கலவை முடிந்து கேட்டபோதுதான் மனம் மாறியதாகச் சொல்லியிருக்கிறார். வயலின் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் குரலை மட்டும் கவனியுங்கள். சுரம் நழுவுகிறது, சொல் ஓர் இடத்தில்கூட நழுவவில்லை. வாசு, 1930களின் பதிவில் ஒரு வாரம் இருங்கள், பிறகு இதற்கு வாருங்கள். பிடிக்காவிட்டால் பூச்சாண்டியோடு சேர்ந்துகொண்டு எங்களைத் திட்டுங்கள்.

#24 புதுவை வாசு

லெஸ்டர் யங் தட்டு ஒன்று போட்டுக் கேட்டுவிட்டேன். சாக்ஸபோன் எங்கே முடிகிறது, குரல் எங்கே தொடங்குகிறது என்று இரண்டு இடத்தில் குழம்பினேன். மந்தாரை சொன்ன மாதிரி தாளம் போட்டுப் பார்த்தேன், நான் தோற்றேன். மணியம் ஐயா, பாஸ்வெல் சகோதரிகள் தட்டு உங்களிடம் இருந்தால் எந்த வருஷத்துப் பதிவிலிருந்து தொடங்கலாம் என்று சொல்லுங்கள்.